ஓசி பெட்ரோலும் ஒரு வாளி ஈயமும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, ஆபீஸ்ல ஆணி அதிகமானதால தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. சினிமா, பாட்டு, பயணம்னு எதிர்பார்த்து வந்தவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம். இது சண்டைப் பதிவு. சின்ன விமானம் வச்சுக்கிட்டு, அதோட பாகங்களை விமானப் பெட்ரோலை ஊத்தியே கழுவுற பெருங்கூட்டத்தோட தான் சண்டை.

"பொட்டி தட்டுற உனக்கும் விமானத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?" நியாயமான கேள்வி. பே ஏரியாவில பொட்டி தட்டுறேன். சனி ஞாயிறுல கொஞ்சம் தள்ளி இருக்கிற ஒரு சின்ன ஏர்போர்ட்டுக்குப் போறேன். நாலு சீட்டு செஸ்னா 172 ஒண்ணை நாங்க ஏழெட்டுப் பேர் சேர்ந்து வச்சிருக்கோம். பணக்காரன்னு நினைச்சுடாதீங்க, என் பங்கு ஒரு பழைய கார் விலைதான். மெக்கானிக்குக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடிக்க, சின்னச் சின்ன வேலையை நாங்களே செய்வோம். பைலட் லைசன்ஸ் இருக்கிறவங்க தங்களோட விமானத்துக்கு ஆயில் மாத்தலாம், ஸ்பார்க் பிளக்கைக் கழட்டித் துடைக்கலாம், சக்கரத்து பேரிங்கைக் கழுவி கிரீஸ் வைக்கலாம்னு அமெரிக்க விமானத்துறையான எஃப்.ஏ.ஏ.வோட விதியிலேயே ஒரு பட்டியல் இருக்கு. 'பகுதி 43, பின்னிணைப்பு ஏ'ன்னு பேரு.

இந்தப் பட்டியல்ல பலதும் எண்ணெய்ப் பிசுக்கு பிடிச்ச வேலை. பிசுக்கை எடுக்க ஒரு திரவம் வேணும். அங்கதான் ஆரம்பிக்குது வில்லங்கம்.

பறக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் டேங்க் அடியில இருந்து கொஞ்சம் பெட்ரோல் பிடிச்சு, தண்ணி கலந்திருக்கான்னு வெளிச்சத்துல பார்க்கணும். பார்த்து முடிச்ச பெட்ரோலை என்ன பண்றது? பல பேர் ஒரு வாளியில சேர்த்து வைப்பாங்க. வாளி ஹேங்கர் மூலையில உட்கார்ந்திருக்கும். பேரிங்கா, வாளியில போடு. ஸ்குரூவா, வாளியில போடு. வேலை முடிஞ்சு கையெல்லாம் கருப்பா? வாளிக்குள்ள விட்டு அலசு. ஓசியில கிடைக்குது, பிசுக்கு நொடியில போகுது, தானா காஞ்சும் போகுது. வேற என்ன வேணும்?

வேணும் அண்ணாச்சி. முதல்ல அந்த வாளியில என்ன இருக்குன்னு தெரியணும்.

சின்ன விமானங்கள் பெரும்பாலும் குடிக்கிற பெட்ரோலுக்குப் பேரு 100 எல்.எல். நீல நிறத்துல அழகா இருக்கும். எல்.எல்.னா 'லோ லெட்', அதாவது ஈயம் கம்மி. கம்மின்னா எவ்வளவு? லிட்டருக்கு 0.56 கிராம் வரைக்கும் ஈயம் இருக்கலாம். இதுக்கு முன்னாடி இருந்த பழைய விமானப் பெட்ரோல்ல அதுக்கு ரெண்டு மடங்கு இருந்துச்சு, அதோட ஒப்பிட்டு வச்ச பேரு. ஆறு இட்லி சாப்பிடுறவன் பன்னெண்டு இட்லிக்காரனைக் காட்டி "நான் டயட்"னு சொல்ற மாதிரி.

இந்தியாவுல காருக்கும் பைக்குக்கும் ஈயம் போட்ட பெட்ரோல் 2000 பிப்ரவரியோட முடிஞ்சுது. அமெரிக்காவுல சாலை வண்டிகளுக்கு 1996 ஜனவரியில இருந்து தடை. கடைசியா 2021-ல அல்ஜீரியாவும் நிறுத்தின பிறகு, உலகத்துல எந்த நாட்டுலயும் காருக்கு ஈயப் பெட்ரோல் விக்கிறதில்லை. விமானத்துக்கு மட்டும் இன்னும் ஓடுது. இன்ஜின் தட்டாம ஓட ஆக்டேன் வேணும், அதுக்கு ஈயம் வேணும்னு காரணம். அந்தச் சண்டைக்கு நான் இன்னைக்கு வரலை. பறக்கிறதுக்கு வேற வழியில்லாம எரிக்கிறது வேற விஷயம். கை கழுவுறதுக்கு வேற வழியே இல்லையா?

இதுல இருக்கிறது சாதாரண ஈயமும் இல்லை, டெட்ரா எத்தில் லெட். சாதா ஈயத்தைத் தொட்டா தோல் வழியா அவ்வளவா உள்ள போகாது. இது கொழுப்புல கரையிற கரிமச் சேர்மம், தோல் வழியா நேரா உள்ள போகும். ஆவியாகி மூச்சு வழியாவும் போகும். கூடவே எத்திலீன் டைபுரோமைடு. இன்ஜினுக்குள்ள ஈயம் படியாம வெளியேத்துறதுக்காகச் சேர்க்கிறது, புற்றுநோய் சந்தேகப் பட்டியல்ல இருக்கிற வஸ்து.

இந்தக் கூத்துக்கு ஒரு வரலாறே இருக்கு. 1924 அக்டோபர்ல நியூ ஜெர்சியில ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியோட பேவே ஆலையில இந்தச் சேர்மத்தைத் தயாரிச்ச தொழிலாளிகள் வரிசையா புத்தி பேதலிச்சு விழுந்தாங்க. அஞ்சு பேர் செத்துப் போனாங்க. பத்திரிகைகள் கிழிச்சுது. பெட்ரோல்ல இதைச் சேர்க்கலாம்னு கண்டுபிடிச்ச தாமஸ் மிட்ஜ்லி அந்த மாசம் 30-ம் தேதி நிருபர்களைக் கூட்டி, எல்லார் முன்னாடியும் அதை ஊத்திக் கை கழுவிக் காட்டினார். மூக்குல வச்சு ஒரு நிமிஷம் மோந்தும் காட்டினார். "பாருங்க, எனக்கு ஒண்ணும் ஆகலை." அதுக்கு முந்தின வருஷம் அவரே ஈய விஷத்தால படுத்து, ஃபுளோரிடாவுக்கு ஓய்வுக்குப் போய் வந்தவர். அதை அவர் அன்னைக்குச் சொல்லலை.

நூறு வருஷம் ஆச்சு. ஹேங்கர்ல இன்னும் அதே டயலாக்தான் ஓடுது. இந்தப் பதிவுக்கு வரப்போற எதிர்ப்புகளை முன்னாடியே எடுத்து வச்சுடுறேன், நீங்க டைப் அடிக்கிற நேரம் மிச்சம்.

1. "நாப்பது வருஷமா இதுலதான் கழுவுறேன். எனக்கு என்ன ஆச்சு?"

எங்க ஊர் பாஷையில இதுக்குப் பேரு "என் மெஷின்ல ஓடுதே". இதைச் சொல்லாத புரோகிராமர் கிடையாது. கஸ்டமர்கிட்ட போய் விழுந்த பிறகுதான் ஞானம் வரும். ஈயம் எர்ரர் மெசேஜ் காட்டாது. எலும்புல போய் உட்கார்ந்து வருஷக்கணக்கா இருக்கும். ரத்த அழுத்தம், சிறுநீரகம், ஞாபக மறதின்னு மெதுவா வெளிய வரும்போது "வயசாச்சுல்ல"ன்னு சொல்லிடுவோம். யாராவது இதுவரைக்கும் ரத்தத்துல ஈயம் எவ்வளவுன்னு டெஸ்ட் பண்ணிப் பார்த்திருக்கீங்களா? பார்க்காதவன் "ஒண்ணும் ஆகலை"ன்னு சொல்ல முடியாது, "தெரியாது"ன்னு மட்டும்தான் சொல்லலாம்.

2. "அதான் காத்துல ஆவியாப் போயிடுதே?"

எங்க போகுது? ஹேங்கர் கதவைச் சாத்திக்கிட்டு வேலை செஞ்சா உங்க மூக்குக்குள்ள போகுது. மிச்சம் தரையோட படருது. பெட்ரோல் ஆவி காத்தை விடக் கனம். பள்ளத்துல தேங்கும், பத்தடி தள்ளி இருக்கிற ஹீட்டர் வரைக்கும் ஊர்ந்து போகும். விமானப் பெட்ரோலோட ஃபிளாஷ் பாயின்ட், அதாவது பொறி பட்டா பத்திக்கிற அளவுக்கு ஆவி வர ஆரம்பிக்கிற வெப்பம், மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே. அமெரிக்காவோட வட கோடியில பனிக்காலத்துல கூட அந்த வாளி ரெடியா இருக்கும்னு அர்த்தம். டிரில் மெஷின், பேட்டரி சார்ஜர், கம்ப்ரசர் எல்லாம் ஓடுற இடத்துல, பிளாஸ்டிக் வாளியில, மூடி இல்லாம. பிளாஸ்டிக்குல ஊத்தும்போது நிலைமின்சாரம் வேற சேரும். கொஞ்சம் யோசிங்க சாமிகளா.

3. "இது பொழுதுபோக்கு. யாரும் சட்டம் போடலையே?"

இது உண்மைதான், என் கோபமும் இதுலதான். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் சம்பளத்துக்கு வேலை செய்றவனைக் காப்பாத்த வந்தது. ஒரு ஒர்க்ஷாப்ல இப்படி வாளி வச்சா ஆய்வுக்கு வர்றவங்க பிடிச்சுக்குவாங்க. சொந்தச் செலவுல சொந்த விமானத்தைக் கழுவுறவனை யாரும் கேட்க மாட்டாங்க. அதனால சம்பளக்காரனுக்குக் கையுறை, பொழுதுபோக்குக்காரனுக்கு வெறுங்கை. ஆனா எஃப்.ஏ.ஏ. விதி 43.13-ன்னு ஒண்ணு இருக்கு. தயாரிப்பாளரோட கையேட்டுல இருக்கிற முறையிலயோ, எஃப்.ஏ.ஏ. ஏத்துக்கிற வேற முறையிலயோ தான் பராமரிப்பு வேலை செய்யணும்னு சொல்லுது. எதுல கழுவணும்னு கையேடு சொல்லியிருந்தா அதுல கழுவணும். ஓசியில எது கிடைக்குதோ அதுல இல்லை.

4. "பெரியவங்க நாங்க, எங்க உடம்பு, எங்க இஷ்டம்."

இங்கதான் எனக்கு உண்மையிலேயே பத்திக்கிட்டு வந்துச்சு. எங்க கிளப்ல ஒரு மெம்பரோட பையன், பதினஞ்சு வயசு. விமானம்னா உயிர். சனிக்கிழமையானா அப்பாவோட வந்துடுவான். போன மாசம் அவன்கிட்ட பேரிங்கைக் கொடுத்து "கழுவிட்டு வா தம்பி"ன்னு வாளிப் பக்கம் அனுப்பி வச்சாங்க. முழங்கை வரைக்கும் உள்ள விட்டு, சந்தோஷமா தேய்ச்சுக்கிட்டு இருந்தான். நான் வாளியைப் பிடுங்கி ஓரமா வச்சேன். எழுபது வயசு மூத்த மெம்பர் ஒருத்தர், நல்ல மனுஷன், சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "கம்ப்யூட்டர் பசங்களுக்குக் கை அழுக்கானாலே பயம்." எல்லாரும் சிரிச்சாங்க. பையனும் சிரிச்சான். அவன் சிரிச்சதுதான் எனக்கு வலிச்சுது. ஏன்னா அவன் அன்னைக்குக் கத்துக்கிட்டது பேரிங் கழுவுறதை இல்லை, பயப்படுறவன் ஆம்பளை இல்லைங்கிறதை.

குழந்தைகளுக்கு ரத்தத்துல இவ்வளவு ஈயம் இருந்தாப் பரவாயில்லைன்னு ஒரு அளவே கிடையாதுன்னு அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சொல்லுது. உடனே கவனிக்க வேண்டிய அளவை 2021-ல டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம்ல இருந்து 3.5-ஆக் குறைச்சாங்க. அதே வருஷம், சான் ஹோசேவுல ரீட் ஹில்வியூ ஏர்போர்ட்டைச் சுத்தி இருக்கிற குழந்தைகளோட ரத்தப் பரிசோதனைகளை வச்சு கவுன்டி நிர்வாகம் ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. ஏர்போர்ட்டுக்குக் கிட்ட இருக்கிற குழந்தைகளுக்கு ஈயம் அதிகம்னு அதுல வந்துச்சு. 2022 ஜனவரியில இருந்து அங்க 100 எல்.எல். விக்கிறதையே நிறுத்திட்டாங்க. அது வானத்துல எரிஞ்சு விழுற ஈயத்துக்கு நடந்த சண்டை. இங்க நாம எரிக்காத ஈயத்துலயே பையன் கையை முக்கிக்கிட்டு இருக்கோம். அதே சட்டையோட வீட்டுக்குப் போய்க் கைக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுறவங்களும் எங்க கிளப்ல இருக்காங்க.

5. "அப்போ இண்டஸ்ட்ரியல் கெமிக்கல் வாங்கணுமா? அது இன்னும் மோசமாச்சே?"

கேள்வி நல்ல கேள்வி. பாதி சரியும் கூட. பெட்ரோலை விட்டுட்டுக் கண்ணை மூடிக்கிட்டு வேற டப்பாவைத் திறந்தா சட்டியில இருந்து அடுப்புல விழுந்த கதைதான்.

டைகுளோரோமீத்தேன்னு ஒண்ணு, பெயின்ட் உரிக்கிறது. 2000-ல இருந்து 2011 வரைக்கும் அமெரிக்காவுல குளியல் தொட்டிக்கு மறுபூச்சு செய்ற தொழிலாளிகள் 13 பேர் இதோட ஆவியில மூச்சு முட்டிச் செத்திருக்காங்க. அதுல சம்பந்தப்பட்ட 10 பொருட்கள்ல 6, விமானத் துறைக்குன்னு வித்தது! 'ஏர்கிராஃப்ட்'னு போட்டிருந்தா ஒஸ்தின்னு நினைச்சு வாங்கியிருப்பாங்க போல. உடம்புக்குள்ள போய் இது கார்பன் மோனாக்சைடா மாறும். 2019-ல வீட்டு உபயோகப் பெயின்ட் ரிமூவர்ல இதைத் தடை பண்ணினாங்க.

டிரைகுளோரோ எத்திலீன், கிரீஸ் எடுக்கிறதுல சூரன். புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான முதல் பட்டியல்ல இருக்கு. 2024 டிசம்பர்ல தடை விதி போட்டாங்க, அதை எதிர்த்துக் கோர்ட்டுக்கும் போயாச்சு. பிரேக் கிளீனர் ஸ்பிரே இன்னொண்ணு. 1999-2000-ல கலிஃபோர்னியாவுல கார் மெக்கானிக்குகள் சிலருக்குக் கை கால் மரத்துப் போய், கடைசியில அது ஸ்பிரேயில இருந்த ஹெக்சேன் பண்ணின வேலைன்னு தெரிஞ்சுது. குளோரின் கலந்த ஸ்பிரே அடிச்ச இடத்துல வெல்டிங் வச்சா பாஸ்ஜீன் வாயு வரும். முதல் உலகப் போர்ல ஆளைக் கொல்லப் பயன்பட்ட அதே பாஸ்ஜீன்.

அப்போ எதைத்தான் வாங்குறது? ரொம்ப சிம்பிள். எஃப்.ஏ.ஏ.வோட மெக்கானிக் பாடப் புத்தகத்திலேயே இருக்கு. ஸ்டாடர்ட் சால்வென்ட். கடையில மினரல் ஸ்பிரிட்ஸ்னு கேட்டா இதோட ரகம் கிடைக்கும். நம்ம ஊர் பெயின்ட் கடையில டர்பன்டைன்னு ஊத்திக் கொடுக்கிறதும் பெரும்பாலும் இந்த ஜாதிதான். ஈயம் கிடையாது. ஃபிளாஷ் பாயின்ட் கிட்டத்தட்ட 40 டிகிரி. அதாவது சாதாரண அறை வெப்பத்துல ஒரு பொறி விழுந்த உடனே குப்புன்னு பிடிக்காது. (சென்னை மே மாச மதியத்துக்கு இந்தத் தைரியம் செல்லாது, அங்க வெயிலே 40-ஐத் தாண்டிடும்.) மெதுவாத்தான் காயும், லேசா எண்ணெய்ப் படலம் விடும், துடைக்கணும். அவ்வளவுதான் குறை. ஒரு கேலன் டப்பாவோட விலை, எங்க விமானத்தை ஒரு மணி நேரம் ஓட்டுற செலவுல பத்துல ஒரு பங்கு வரும். பறக்க நூத்துக்கணக்குல டாலரை எரிக்கிறவன் கழுவுறதுக்கு ஓசி தேடுறான் பாருங்க, அதுதான் எனக்குப் புரியலை.

வாங்கும்போதும் வச்சிருக்கும்போதும் நான் பார்க்கிறது இவ்வளவுதான்:

- பேரை நம்பாதீங்க, நம்பரைப் பாருங்க. ஒவ்வொரு ரசாயனத்துக்கும் சி.ஏ.எஸ். எண்ணுன்னு ஒண்ணு உண்டு, நம்ம ஆதார் மாதிரி. எம்.இ.கே.ன்னா 78-93-3, அசிட்டோன்னா 67-64-1, ஸ்டாடர்ட்னா 8052-41-3. 'எம்.இ.கே. மாற்று'ன்னு டப்பாவுல பெருசா போட்டு உள்ள முழுக்க வேற எதையோ வச்சு விக்கிறாங்க. பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்குங்க. தர மாட்டேன்னு சொல்ற கடையில வாங்காதீங்க.

- பெரிய டிரம்ல இருந்து "உனக்கு ரெண்டு லிட்டர் ஊத்தித் தரேன்"னு யாராவது அன்பா சொன்னா, லேபிளோட சேர்த்துக் கேளுங்க. லேபிள் இல்லாத டப்பா அன்பளிப்பு இல்லை, வம்பு.

- கையுறையில எல்லாம் ஒண்ணு இல்லை. நீல நிற நைட்ரைல் கையுறை மினரல் ஸ்பிரிட்ஸுக்குத் தாங்கும். எம்.இ.கே., அசிட்டோன் ரெண்டும் சில நிமிஷத்துல அதைத் தாண்டி உள்ள வந்துடும், அதுக்குப் பியூட்டைல் ரப்பர். தூசிக்குப் போடுற மாஸ்க் எந்த ஆவியையும் தடுக்காது.

- முன் கண்ணாடி கிட்ட போகவே போகாதீங்க. அது கண்ணாடி இல்லை, அக்ரிலிக். பெட்ரோல், அசிட்டோன், ஆல்கஹால் எதுவும் கூடாதுன்னு செஸ்னா கையேட்டுல தெளிவா இருக்கு. மயிரிழை மாதிரி விரிசல் ஓடும், சாயங்கால வெயில்ல தரையிறங்கும்போது எதிர்ல ஒண்ணும் தெரியாது.

- நனைஞ்ச துணி, மூடியுள்ள இரும்பு டப்பாவுக்குள்ள. கழிவு, கவுன்டியோட அபாயக் கழிவு மையத்துக்கு. மண்ணுல ஊத்தாதீங்க. குளோரின் சரக்கைப் பழைய ஆயில்ல கலக்கவே கலக்காதீங்க, மொத்த டிரம்மும் அபாயக் கழிவாயிடும்.

இதுல எதுக்கும் பெரிய படிப்பு வேண்டாம். டப்பாவைப் படிக்கிற பழக்கம் போதும். ஒரு லைன் கோடு மாத்தினா மூணு பேர் ரிவ்யூ பண்ற நாம, முழங்கை வரைக்கும் முக்குற திரவத்தை மோந்து பார்த்து முடிவு பண்றோம்.

இதைப் படிக்கிற உங்கள்ல முக்கால்வாசிப் பேர் விமானத்தைப் பயணியாத்தான் பார்த்திருப்பீங்க. "நமக்கென்ன"ன்னு போயிடாதீங்க. ஊர்ல உங்க பைக்கை சர்வீஸுக்கு விடுற கடையில ஒரு சின்னப் பையன் செயினையும் கார்புரேட்டரையும் பெட்ரோல்ல தேய்ச்சுக்கிட்டு இருப்பான். அந்தப் பெட்ரோல்ல ஈயம் இல்லை, ஆனா ரத்தப் புற்றுநோய் தர்ற பென்சீன் இருக்கு. அவனுக்கு எந்தச் சட்டமும் இல்லை, சட்டம் இருந்தாலும் கடைக்கு வர்றதில்லை. அடுத்த தடவை போகும்போது கடை அண்ணன்கிட்ட "அவனை வெறுங்கையால பெட்ரோலைத் தொட விடாதீங்கண்ணே, டர்பன்டைன் வாங்கி வைங்க, ஒரு கையுறை வாங்கிக் கொடுங்க, பில்லுல சேர்த்துக்குங்க"ன்னு சொல்லிப் பாருங்க. அம்பது ரூபா கூட ஆகலாம். சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.

எங்க கிளப்ல வாளி இன்னும் இருக்கு. வர்ற மாசக் கூட்டத்துல அதை எடுக்கணும்னு எழுத்துல கொடுத்திருக்கேன், மினரல் ஸ்பிரிட்ஸ் செலவை நான் ஏத்துக்கிறேன்னும் எழுதியிருக்கேன். ஓட்டுக்கு விடுவாங்க. தோத்தா அடுத்த மாசமும் கொடுப்பேன். அதுவரைக்கும் வாளி மேல பெருசா ஒரு காகிதம் ஒட்டியிருக்கேன்: "உள்ளே ஈயம். 18 வயசுக்குக் கீழே யாரும் தொடக் கூடாது." கிழிச்சா மறுபடி ஒட்டுவேன். பிரின்டர்ல மை நிறைய இருக்கு.

டிஸ்கி: "விமானம் ஓட்டுறதையே விட்டுடலாமே, ஈயமும் மிச்சம், காசும் மிச்சம்"னு வீட்டம்மா சொல்லிட்டாங்க. அதே பின்னூட்டத்தை நீங்களும் போட வேண்டாம். மத்தபடி கும்மலாம், ஆட்சேபனை இல்லை.